பேர் சொல்லும் தேர்

பெயர்கள் சொற்களான கதை – 9

கோபுரத்தில் நின்ற காவல்காரன் கண்ணுக்கு முதலில் பட்டது ஆள் அல்ல, ஒரு கூட்டம். கிழக்கே யோர்தான் ஆற்றுப் பக்கமிருந்து பள்ளத்தாக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. மேட்டின்மேல் இருந்தது யெஸ்ரயேல் ஊர். அங்கிருந்து பார்த்தால் வருகிறவர்கள் வெகு தொலைவிலேயே தெரிந்துவிடுவார்கள். அதற்காகத்தான் கோபுரம், அதற்காகத்தான் அவனுக்குச் சம்பளம்.

உள்ளே இஸ்ரவேல் ராஜா யோராம் காயத்தோடு படுத்திருந்தார். ஆராம் நாட்டு ராஜா ஆசகேலோடு ராமோத்தில் நடந்த சண்டையில் பட்ட காயம். நலம் விசாரிக்க யூதா நாட்டு ராஜா அகசியாவும் வந்திருந்தார். கூட்டம் வருகிறது என்று தகவல் போனதும், ஒரு குதிரைக்காரனை அனுப்பி 'சமாதானமா?' என்று கேட்டுவரச் சொன்னார் யோராம். போனவன் திரும்பவில்லை; அந்தக் கூட்டத்தின் பின்னாலேயே சேர்ந்துகொண்டான். இரண்டாவது ஆள் போனான். அவனும் அப்படியே. காவல்காரன் இதையெல்லாம் மேலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருகிறான். கடைசியில்தான் அந்தத் தகவலைச் சொல்கிறான்: தேர் வருகிற தினுசைப் பார்த்தால் நிம்சியின் மகன் யெகூ ஓட்டுவதுபோல் இருக்கிறது.

முகம் தெரியவில்லை. கொடி பற்றிப் பேச்சில்லை. ஓட்டுகிற விதத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிட்டான். கி.மு. 841-ஐ ஒட்டிய காலம். பைபிளில் இரண்டாம் ராஜாக்கள் புத்தகம், ஒன்பதாம் அதிகாரம், இருபதாம் வசனம். அந்த ஒரு வசனத்தின் தயவில், ஆங்கிலத்தில் தாறுமாறாக வண்டி ஓட்டுகிறவனுக்கு 'ஜீஹு' என்று பெயர் வந்தது. யெகூ என்பதன் ஆங்கில உச்சரிப்பு அது.

(யெகூ உண்மையில் நிம்சியின் பேரன். தகப்பன் பெயர் யோசபாத். ஆனாலும் ஊர் அவனைத் தாத்தா பெயரைச் சொல்லித்தான் அழைத்தது. நம் ஊர்களிலும் சில வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி ஆவதுண்டு.)

ஓட்டுவதை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. டவுன் பஸ் மட்டுமே வந்துபோகும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். ஆலமரத்து வளைவில் கியர் மாற்றும் சத்தத்தைக் கேட்டே இன்றைக்கு எந்த டிரைவர் என்று திண்ணையில் இருந்தபடி சொல்லிவிடுவார்கள். பாளையங்கோட்டையில் என் நண்பன் வீட்டுத் தாத்தா ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். சாயங்காலமானால் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடியோடு வேதம் வாசிப்பார். தெருமுனையில் பக்கத்து வீட்டுப் பையனின் மோட்டார் பைக் உறுமத் தொடங்கினால் போதும், வாசித்த இடத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடுவார். "ஏ பிள்ள, கோழியப் பிடி. நிம்சி மவன் வாராம்லா!" என்று உள்ளே குரல் கொடுப்பார். அவர் திட்டியதாகவே அந்தப் பையனுக்குத் தெரியாது. யாரோ நிம்சி என்று ஒரு அண்ணாச்சியின் மகனைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

காவல்காரன் உண்மையில் என்ன சொன்னான் என்று தேடிப் போனால் கதை சுவையாகிறது. எபிரேய மூலத்தில் அங்கே இருக்கும் சொல் 'ஷிக்காவோன்'. பித்து, பைத்தியம் என்று பொருள். பைத்தியம் பிடித்தவன்போல் ஓட்டுகிறான் என்பதுதான் அவன் வாக்கு. இதே சொல்லின் உறவுக்காரச் சொல் ஒன்று அதே அதிகாரத்தில் ஒன்பது வசனம் முன்னால் வருகிறது. எலிசா தீர்க்கதரிசி தன் சீடன் ஒருவனிடம் எண்ணெய்க் குப்பியைக் கொடுத்து ராமோத் பாளையத்துக்கு அனுப்புகிறார். அவன் யெகூவை உள்ளறைக்கு அழைத்துப்போய், தலையில் எண்ணெய் ஊற்றி, நீயே ராஜா என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து ஓடிப்போகிறான். வெளியே வந்த யெகூவிடம் கூட்டாளித் தளபதிகள், அந்தப் பைத்தியக்காரன் எதற்கு வந்தான் என்று கேட்கிறார்கள். அங்கே 'மெஷுக்கா'. கோபுரத்தில் 'ஷிக்காவோன்'. வேர் ஒன்றுதான். எண்ணெய் ஊற்ற வந்தவனும் பைத்தியம், ஊற்றிக்கொண்டவன் தேரோட்டுவதும் பைத்தியம். கதை எழுதியவர் தெரிந்தே செய்த வேலை இது என்பது என் எண்ணம். அந்த 'மெஷுக்கா' இத்திஷ் மொழி வழியாக அமெரிக்கா போய், இன்று ஆங்கில அகராதியிலும் கிறுக்கன் என்ற பொருளில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த வசனத்தில் ஓட்டுவதற்கான வினை 'நஹக்'. இன்றைய இஸ்ரேலில் பேருந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரை அதே வேரிலிருந்து வந்த சொல்லால்தான் அழைக்கிறார்கள். அதிலிருந்து பிறந்த 'மின்ஹாக்' அந்த வசனத்தில் வண்டி ஓட்டும் தினுசைக் குறிக்கிறது. பிற்கால யூதர்களிடையே அதற்கு ஒரு சமூகத்தின் வழக்கம், நடைமுறை என்று பொருள் ஏறிவிட்டது. நமக்கும் இது புதிதல்ல. நட என்பதிலிருந்துதான் நடத்தை, நடைமுறை, பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் நடத்துநர் எல்லாமே.

மொழிபெயர்ப்பாளர்கள் கையில் இந்தப் பைத்தியம் பட்ட பாடு தனி. ஜெரோம் லத்தீனில் எழுதியபோது, தலைகுப்புறப் பாய்கிறவன் என்ற பொருளில் ஒரு சொல்லைப் போட்டார். சரிதான், விழுகிற அளவுக்கு வேகம். ஆனால் அரமேய மொழியில் யூதர்கள் செய்துகொண்ட 'தார்கூம்' பெயர்ப்பைப் பார்த்தால் தூக்கிவாரிப் போடும். அங்கே யெகூ நிதானமாக ஓட்டி வருகிறான்! தவறுதலாக நேர்ந்தது என்று தள்ளிவிடவும் முடியவில்லை. முதல் நூற்றாண்டில் ரோமில் உட்கார்ந்து யூதர் வரலாற்றைக் கிரேக்கத்தில் எழுதிய ஜோசிபஸும் அதையேதான் சொல்கிறார்: யெகூ மெதுவாக, ஒழுங்கு கலையாமல் வந்தான் என்று.

எப்படி ஒரே ஆள் பைத்தியமாகவும் நிதானமாகவும் ஓட்ட முடியும்? அறிஞர்கள் பல விளக்கம் சொல்லலாம். என் சிற்றறிவுக்குப் பட்டது இது. கதையில் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். ஒரு குதிரைக்காரன் போகிறான். பிறகு இன்னொருவன். அதன்பின் யோராம் தன் தேரைப் பூட்டச் சொல்கிறார். காயம்பட்ட மனிதர் எழுந்து, ஏறி, அகசியாவும் தன் தேரில் ஏறி, இருவரும் ஊரைவிட்டு வெளியே வருகிறார்கள். இத்தனைக்கும் நேரம் கொடுத்து வருகிறவன் எவ்வளவு வேகமாக வந்திருக்க முடியும்? ஜோசிபஸ் போர்முனையைப் பார்த்த மனிதர்; கலிலேயாவில் படை நடத்தியவர். இந்த உறுத்தல் அவருக்கும் இருந்திருக்கலாம். என்ன ஆனாலும், உலகம் ஜோசிபஸை விட்டுவிட்டுக் காவல்காரனைப் பிடித்துக்கொண்டது.

1611-இல் ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில பைபிள் வந்தது. அதில் யெகூ 'ஃபியூரியஸ்' ஆக ஓட்டுகிறான். அந்தச் சொல்லின் லத்தீன் வேரிலும் வெறி, பித்து என்ற பொருள் இருக்கிறது. ஆகவே பைத்தியம் தப்பிப் பிழைத்தது. நம் சபைகளில் வாசிக்கும் பழைய தமிழ்ப் பெயர்ப்பில் அந்த இடத்தில் 'அதிவேகம்' வந்துவிட்டது. வேகம் தங்கியது, பித்து போய்விட்டது. போனால் போகட்டும் என்று விடமுடியாதபடி ஒன்று: நம் காவல் நிலையங்களில் விபத்து வழக்குக்கு முதல் தகவல் அறிக்கை எழுதும்போது கை தன்னால் எழுதும் தொடர் ஒன்று உண்டல்லவா, 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று? அதன் முதல் பாதியிலும் இருப்பது யெகூவின் சொல்தான்.

இங்கிலாந்துச் சட்டமும் 'ஃபியூரியஸ்' என்ற சொல்லை விடவில்லை. 1835-இன் நெடுஞ்சாலைச் சட்டத்தில் அது இருக்கிறது. 1847-இல் நகரக் காவல் சட்டத்திலும். 1861-இல் வந்த உடல் காயக் குற்றச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, வெறித்தனமாக வண்டியோட்டிப் பிறருக்குக் காயம் விளைவித்தால் இரண்டு வருடம்வரை சிறை என்றது. குதிரை வண்டிக்காரர்களை நினைத்து எழுதிய பிரிவு. மோட்டார் வந்தபின் காருக்குத் தனிச் சட்டங்கள் வந்துவிட, இது தூங்கப் போயிருக்கவேண்டும். போகவில்லை. ஆபத்தாக ஓட்டும் குற்றம் மோட்டார் வண்டிக்கு மட்டும் என்று புதிய சட்டம் வரையறுத்ததால், ஆளை இடித்துக் கொன்ற சைக்கிள்காரர்மீது போட வேறு நல்ல பிரிவு கிடைக்காமல், 2017-இல்கூட லண்டன் நீதிமன்றம் இந்தப் பழைய பிரிவில் ஒருவருக்குத் தண்டனை கொடுத்தது. நமக்கு மெக்காலே வழி வந்த 1860-இன் தண்டனைச் சட்டத்தில் 279-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நியாய சன்ஹிதாவில் அதற்கு எண் 281. எண் மாறியது, பஸ் ஸ்டாண்ட் முனையில் அறிக்கை எழுதும் ஏட்டையாவின் 'அதிவேகமாகவும்' மாறவில்லை.

யெகூ எப்போது பெயர்ச்சொல்லாக இறங்கிவந்தார்? 1680-களில். இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு பைபிள் வாசித்த நூற்றாண்டு அது. எழுத்து தெரியாதவனும் ஞாயிற்றுக்கிழமை கேட்டுக் கேட்டு வசனத்தை மனப்பாடமாக வைத்திருப்பான். அதனால், ஒரு கோச்சு வண்டிக்காரன் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போனால் 'ஜீஹு' என்று ஒரு சொல் போதும். விளக்கம் வேண்டாம். நம்மில் ஒருவன் அளவுக்கு மீறித் தூங்கினால் கும்பகர்ணன் என்கிறோம், அதுபோல.

அப்புறம் நடந்ததுதான் விந்தை. 1759 வாக்கில் அந்தச் சொல்லுக்குச் சாதாரண வண்டிக்காரன் என்ற பொருளும் வந்துவிட்டது. ஒழுங்காக ஓட்டினாலும் ஜீஹு, ஒழுங்கில்லாமல் ஓட்டினாலும் ஜீஹு. திட்டு தேய்ந்து தொழிலின் பெயராகிவிட்டது. எல்லாரும் ஒரே மாதிரி ஓட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று குதர்க்கமாகச் சொல்லலாம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. 1784 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஜான் பால்மர் என்பவரின் யோசனைப்படி பிரிஸ்டலிலிருந்து முதல் தபால் கோச்சு கிளம்பியது. மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை எட்டு மணிக்கு லண்டன். பதினாறு மணி நேரம். வண்டியின் பின்னால் துப்பாக்கியோடு காவலன், அவனிடம் பூட்டிய பெட்டியில் ஒரு கடிகாரம். தாமதமானால் தபால் துறைக்குப் பதில் சொல்லவேண்டும். வேகத்துக்குத் திட்டு வாங்கிய வண்டிக்காரன், இப்போது வேகம் குறைந்ததற்குத் திட்டு வாங்கினான்.

அதற்கடுத்த தலைமுறையில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு நாலு குதிரை வண்டிப் பித்து பிடித்தது. கோச்சு வண்டிக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு, உள்ளே பயணிகள் இருக்கும்போதே கடிவாளத்தைத் தாங்கள் வாங்கிக்கொள்வார்கள். அதற்கென்று சங்கம் வைத்தார்கள். வண்டிக்காரனைப்போல உடை, அவனைப்போலப் பேச்சு. பல்லிடுக்கு வழியாக எச்சிலைப் பீய்ச்சும் அவனுடைய வித்தை கைவரவேண்டும் என்று முன்பல்லை அராவிக்கொண்ட ஒரு சீமான் வீட்டுப் பிள்ளையின் கதையை அந்தக் காலத்தில் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்க மேற்குப் பகுதியிலும் ஸ்டேஜ் கோச்சு ஓட்டுகிறவருக்கு ஜீஹுதான். அவர்களில் ஹேங்க் மாங்க் என்பவரைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். 1859-இல் நியூயார்க் பத்திரிகை ஆசிரியர் ஹோரஸ் கிரீலி சியெரா நெவாடா மலை தாண்டி பிளாசர்வில் என்ற ஊருக்குப் போகவேண்டும். அங்கே ஒரு சொற்பொழிவு. நேரமாகிறது, கொஞ்சம் விரட்டு என்று கேட்டுவிட்டார். மாங்க் விரட்டினார். மலைச்சரிவில் வண்டி குதித்த குதியில் கிரீலியின் தலை கூரையைப் பொத்துக்கொண்டு வெளியே வந்ததாம். போதும், அவசரமில்லை என்று அவர் கெஞ்ச, உங்களை நேரத்துக்குச் சேர்ப்பேன் என்று இவர் மேலும் விரட்டினாராம். மேற்கே யார் வண்டியில் ஏறினாலும் இந்தக் கதையைச் சொல்லி அறுத்தார்கள் என்று மார்க் ட்வெய்ன் 1872-இல் ஒரு பயண நூலில் எழுதி, அந்த அலுப்பையே வேடிக்கையாக்கினார்.

குதிரை போனது, சொல்லும் போனது. இன்று அகராதியில் இருக்கிறது, சாலையில் இல்லை. பைபிள் வாசிக்கும் பழக்கம் குறைய, ஜீஹு என்றால் யார் என்று விளக்கவேண்டிய நிலை வந்தது. விளக்கம் சொல்லித் திட்டினால் அது திட்டாகாது.

இனி அந்த மனிதரிடமே திரும்புவோம். ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அன்று கடிவாளம் யார் கையில் இருந்தது?

நாபோத் என்பவரின் நிலத்தருகே மூன்று தேர்களும் சந்திக்கின்றன. அந்த நிலத்துக்காகத்தான் யோராமின் பெற்றோரான ஆகாபும் யேசபேலும் முன்பு நாபோத்தைப் பொய்வழக்கில் கொல்லவைத்தார்கள். யோராம் தேரைத் திருப்பித் தப்பப் பார்க்கிறார். யெகூ வில்லை நாணேற்றி எய்கிறார். அம்பு முதுகில் தைத்து மார்பு வழியாக வருகிறது. வில்லை இழுக்க இரண்டு கையும் வேண்டும். அந்தக் காலத்துத் தேரில் ஓட்டுகிறவன் ஒருவன், வில்லாளி ஒருவன், சில சமயம் கேடயம் பிடிக்க மூன்றாமவன். எய்த கையோடு யெகூ பக்கத்திலிருந்த பித்கார் என்ற அதிகாரியிடம் பேசுகிறார். அவனுடைய பதவிப் பெயருக்கு எபிரேயத்தில் மூலப் பொருளே 'மூன்றாமவன்'. அப்படியானால் ஓட்டியது வேறொருவனோ? வேதம் யெகூதான் ஓட்டினார் என்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் முதலாளி காரை டிரைவர் ஓட்ட, 'செட்டியார் கார் பறக்குது பாரு' என்று நாம் சொல்வதில்லையா? உலகம் முழுக்கப் பெயர் வாங்கித் தந்த அந்த ஓட்டம் பெயர் தெரியாத ஒரு சாரதியுடையதாக இருந்திருக்க இடமுண்டு.

பிறகு வந்த நாட்களின் கொடூரத்தை விரிக்க எனக்கு மனமில்லை. அகசியா துரத்திக் கொல்லப்பட்டார். யேசபேல் கண்ணுக்கு மையிட்டு, தலைவாரி, ஜன்னலில் நின்று யெகூவை ஏளனம் செய்துவிட்டுத்தான் செத்தாள். அந்தத் துணிவு அவளுக்கு இருந்தது. ஆகாபின் பிள்ளைகள் எழுபது பேரின் தலைகள் கூடைகளில் வந்தன. நூறு வருடம் கழித்து ஓசியா தீர்க்கதரிசி, யெஸ்ரயேலில் சிந்திய ரத்தத்துக்கு யெகூவின் வம்சம் பதில் சொல்லவேண்டும் என்று எழுதினார். ஆங்கிலேயர் இதையெல்லாம் மறந்துவிட்டு, மனிதர் வேகமாக ஓட்டியதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கொலைகளுக்கே இன்னொருவர் உரிமை கொண்டாடுகிறார். 1993-இல் வடக்கு இஸ்ரேலின் டெல் டான் அகழ்வில் அரமேய மொழிக் கல்வெட்டுத் துண்டு ஒன்று கிடைத்தது. உடைந்த எழுத்துகளைக் கூட்டி வாசித்தால், இஸ்ரவேல் ராஜாவையும் தாவீதின் வீட்டு ராஜாவையும் நானே கொன்றேன் என்று ஆராம் ராஜா ஒருவர் சொல்வது தெரிகிறது. ஆசகேல்தான் என்பது பெரும்பாலோர் முடிவு. ஒரே கொலை, இரண்டு உரிமையாளர்கள்.

கடைசிக் கல் லண்டனில் இருக்கிறது. 1846-இல் ஆஸ்டின் ஹென்றி லேயார்ட் ஈராக்கின் நிம்ருத் மேட்டைத் தோண்டியபோது, ஓர் ஆள் உயரத்துக்கும் சற்றே அதிகமான கறுப்புத் தூண் ஒன்று முழுசாக அகப்பட்டது. அசீரியப் பேரரசன் மூன்றாம் சல்மனாசாரின் வெற்றித் தூண். நாலு பக்கமும் ஐந்து வரிசையாக, கப்பம் கொண்டுவரும் நாட்டார்களைச் செதுக்கியிருக்கிறார்கள். எழுத்தை யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. ஐந்து வருடம் கழித்து, 1851-இல், அயர்லாந்துப் பாதிரியார் எட்வர்ட் ஹிங்க்ஸ் அதில் ஒரு பெயரைக் கூட்டி வாசித்தார். உம்ரியின் மகன் யாவா. யெகூதான்! உம்ரி ஆகாபின் தகப்பன். எந்த வம்சத்தை யெகூ வேரோடு அழித்தாரோ, அதே வம்சத்தின் பிள்ளையாக அவரை எழுதிவைத்திருக்கிறான் அசீரிய எழுத்தன். தூரத்து ராஜாக்களின் குடும்பச் சண்டை அவனுக்கு எதற்கு?

மேலிருந்து இரண்டாம் வரிசை. குடை பிடித்த ஏவலனோடு சல்மனாசார் நிற்கிறார். எதிரே ஒருவர் மண்டியிட்டு, முழங்கையை ஊன்றி, தாடி தரையில் பட, மூக்கு மண்ணைத் தொடக் குனிந்திருக்கிறார். கூம்புத் தொப்பி. யெகூவா, அவர் அனுப்பிய தூதரா என்று விவாதம் உண்டு. யெகூ என்றால், பழைய இஸ்ரவேல் ராஜாக்களில் அவர் காலத்திலேயே வடிக்கப்பட்டு நம் கைக்கு வந்திருக்கும் ஒரே உருவம் அதுதான். பின்னால் வரிசையாகச் சுமைகாரர்கள்: வெள்ளி, பொன், பொன் கிண்ணம், பொன் வாளி, ஈயம், கைத்தடி.

அதற்கு மேல் வரிசையில் கில்சானு நாட்டுக்காரர்கள் குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். யெகூவின் வரிசையை நாலு பக்கமும் சுற்றிவந்து பார்த்தாலும் குதிரை இல்லை, தேரும் இல்லை.

(தொடரும்)